பவல் ஏரியில் வேக்சர்ஃபிங்: அலை ஒத்துழைக்காதபோது எதை முதலில் பார்ப்பது

அமெரிக்காவில் அரிசோனா, யூட்டா மாநில எல்லையில் இருக்கும் பவல் ஏரிக்கு வேக்சர்ஃபிங், அதாவது ஓடும் படகு எழுப்பும் அலையில் போர்டில் நின்று சறுக்கும் விளையாட்டு, செய்ய வருகிறவர்கள், அலை சரியில்லை என்றதும் போர்டை மாற்றுகிறார்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் தண்ணீரில் இருப்பவரைக் குறை சொல்கிறார்கள். இந்த ஏரியில் தேட வேண்டிய வரிசை அதற்கு நேர்மாறு. முதலில் இடம், அப்புறம் வேகமும் எடையும், கடைசியாகத்தான் ஆள்.

காரணம் இந்த ஏரியின் பிறப்பிலேயே இருக்கிறது. கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கேன்யன் அணையைக் கட்டி 1963இல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள். முழுக் கொள்ளளவை எட்ட 1980 ஆகிவிட்டது. தண்ணீர் நிரம்பியது சமவெளியில் அல்ல, செங்குத்தான மணற்பாறைப் பள்ளத்தாக்குகளில். ஏரி கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே, பாலைவன வெயிலில் கிடக்கிறது. வேறு ஏரியில் நன்றாக ஓடிய அதே படகு இங்கே தடுமாறுவதற்கு இவைதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு நிபந்தனையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வேக்சர்ஃபிங்கில் ஆள் படகின் பின்விளிம்பிலிருந்து பத்தடி தூரத்தில், எழுந்து நின்றதும் கயிற்றை விட்டுவிட்டு, அலையின் தள்ளலில் மட்டுமே வருகிறார். அதனால் ப்ரொப்பெல்லர் படகின் அடியில், பின்தளத்துக்கு முன்னால் இருக்கும் இன்போர்டு படகுதான் வேண்டும். முன்நோக்கிய ப்ரொப்பெல்லர் கொண்ட சில புதிய டிரைவ்களும் இதற்கென்றே செய்யப்பட்டவை. அவுட்போர்டு மோட்டாரோ, ப்ரொப்பெல்லர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண ஸ்டெர்ன்டிரைவோ இருக்கும் வாடகைப் படகில் இதைச் செய்யவே கூடாது. அப்படிப்பட்ட படகுக்கு இந்தக் கட்டுரையில் எந்தத் தீர்வும் இல்லை.

தலைவலி, குமட்டல், கால் துவள்வது

அலையைப் பற்றிய எதற்கும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நாற்பது டிகிரி வெயிலில் ஒருவர் "தலை வலிக்கிறது" என்றால், வெயில் என்போம், தண்ணீர் குடிக்கவில்லை என்போம், படகு ஆட்டம் என்போம். இந்த மூன்றையும் நினைப்பதற்கு முன்னால் கார்பன் மோனாக்சைடை நினையுங்கள். வேக்சர்ஃபிங்கில் படகு மெதுவாக, பின்பக்கம் அமுங்கி, முழுச் சுமையோடு போகிறது. எஞ்சின் புகை பின்னால்தான் வெளியேறுகிறது. போகும் படகின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் அந்தப் புகை பின்தளத்தைச் சுற்றியே நிற்கும், படகுக்குள்ளும் இழுக்கப்படும். பின்காற்று அடித்தால் இன்னும் மோசம். இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது.

பவல் ஏரிக்கு இதில் ஒரு துயர வரலாறே உண்டு. 2000 ஆகஸ்டில், சகோதரர்களான இரண்டு சிறுவர்கள் ஒரு ஹவுஸ்போட்டின் பின்புறம் நீந்திக்கொண்டிருந்தபோது, பின்தளத்தின் அடியில் தேங்கியிருந்த ஜெனரேட்டர் புகையால் மயங்கி மூழ்கி இறந்தார்கள். அதன் பிறகு நடந்த விசாரணையில்தான், இந்த ஏரியில் அதற்கு முன்பு வெறும் நீரில் மூழ்கிய சாவுகளாக எண்ணப்பட்டவற்றில் சிலவற்றுக்குப் பின்னாலும் இந்த வாயு இருந்தது வெளியே வந்தது. திறந்த வெளியில் புகை என்ன செய்துவிடும் என்ற நம்பிக்கையை உடைத்தது இந்த ஏரிதான்.

செய்ய வேண்டியது: எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ஆளை லைஃப் ஜாக்கெட்டோடு ஏற்றி, படகின் முன்பக்கம், காற்று வரும் திசையில் உட்கார வையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினால் நிம்மதி அடையாதீர்கள். அது கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே படிக்கும். குழப்பமான பேச்சு, வாந்தி, மயக்கம் இருந்தால் வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனலில் உதவி கேளுங்கள். பள்ளத்தாக்குகளுக்குள் பெரும்பாலான இடங்களில் செல்போன் எடுக்காது.

இனி வராமல் இருக்க: ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். பின்தளத்தில் யாரும் உட்கார்ந்து வரக் கூடாது. அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவதை யூட்டா உட்படப் பல மாநிலங்கள் சட்டம் போட்டே தடுத்திருக்கின்றன. பின்காற்று இருந்தால் திசையை மாற்றி ஓட்டுங்கள். புகையைத் தண்ணீருக்கு அடியில் இறக்கிவிடும் கூடுதல் குழாய் சந்தையில் இருக்கிறது. சொந்தப் படகு வைத்திருப்பவர்கள், ஒலிபெருக்கிக்குச் செலவு செய்வதற்கு முன்னால் அதைப் பொருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நன்றாக இருந்த அலை திடீரென்று சப்பையாகிவிடுகிறது

எடையைத் தொடாதீர்கள். ஆழம் காட்டும் திரையைப் பாருங்கள்.

மணிக்கு 11 மைல் வேகத்தில் போகும் படகு எழுப்பும் அலையின் நீளம் சுமார் 50 அடி. அதில் பாதி, அதாவது 25 அடி ஆழமாவது இருந்தால்தான் அலை தரையை உணராமல் முழு வடிவில் எழும். 15 அடிக்கு வந்தால் மாற்றம் கண்ணுக்கே தெரியும். எட்டு அடியில் படகின் வேகமும் அந்த ஆழத்தில் அலை போகக்கூடிய உச்ச வேகமும் ஒன்றாகிவிடும். அப்போது படகு இழுபடும், பின்பக்கம் இன்னும் அமுங்கும், ப்ரொப்பெல்லருக்கும் பாறைக்கும் இடைவெளி குறையும்.

இங்கே ஆழம் படிப்படியாகக் குறைவதில்லை. நூறடி ஆழத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள், அடுத்த நிமிடம் மூழ்கிய மேடு ஒன்றின் தலைமேல் இருப்பீர்கள். அதோடு நீர்மட்டமும் நிலையில்லை. முழு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 3,700 அடி. 2023 தொடக்கத்தில் அது 3,520 அடி அளவுக்கு இறங்கியது. அதே ஆண்டு பனி உருகி வந்ததும் 60 அடிக்கும் மேல் ஏறியது. போன வருடம் நீங்கள் சர்ஃப் செய்த இடத்தில் இந்த வருடம் பாறை முனை தலைகாட்டலாம். வரைபடத்தில் இருக்கும் ஆழம் முழு மட்டத்துக்குக் கணக்கிட்டதா என்று பாருங்கள். அப்படியானால், கிளம்பும் அன்றைய மட்டத்துக்கும் 3,700க்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு எண்ணிலிருந்தும் கழிக்க வேண்டும். அன்றைய மட்டம் இணையத்தில் தினமும் வெளியாகிறது.

நான் 30 அடிக்குக் குறைந்த இடத்தில் ஆளை இறக்கவே மாட்டேன். இந்த ஏரியில் ஆழத்துக்கா பஞ்சம்?

அலை உயரம்தான், ஆனால் போர்டு குலுங்கிக்கொண்டே இருக்கிறது

சுற்றிலும் பாறைச் சுவர் இருக்கிறதா? அதுதான் விடை. மணற்கரையில் அலை ஏறி ஓய்ந்துவிடும். செங்குத்துப் பாறையில் மோதும் அலை அப்படியே திரும்பி வரும், எதிர்ச்சுவரில் மோதி மறுபடியும் வரும். குறுகிய கால்வாயில் உங்கள் படகு எழுப்பிய அலையே ஐந்து நிமிடம் கழித்து உங்களைக் குலுக்கும்.

வாவீப் மரினாவிலிருந்து (படகுத்துறை) கிளம்புகிறவர்கள் இதில் நன்றாக மாட்டுவார்கள். நீர்மட்டம் போதுமான அளவு இருந்தால் காசில் ராக் கட் என்ற குறுக்குவழியாக வார்ம் கிரீக் விரிகுடாவுக்குச் சீக்கிரம் போய்விடலாம். மட்டம் இறங்கினால் அந்த வழி வற்றிவிடும். அப்போது எல்லாப் படகுகளும் ஆன்டெலோப் பாயின்ட் பக்கமாக, இருபுறமும் சுவர் எழுந்த பழைய ஆற்றுப் பாதையில் சுற்றி வர வேண்டும். சுற்றுலாப் படகு, ஹவுஸ்போட், ஜெட்ஸ்கி எல்லாம் அதே சந்தில். அங்கே சர்ஃப் செய்ய முயலாதீர்கள். கடந்து போவதற்கு மட்டும்தான் அது.

வார்ம் கிரீக், பாட்ரே, லாஸ்ட் சான்ஸ், வடக்கே புல்ஃபிராக் போன்ற அகன்ற விரிகுடாக்கள் வேறு ரகம். ஆனால் பாட்ரே போன்ற பரந்த இடத்தில் மதியத்துக்கு மேல் காற்று எடுத்தால் ஒதுங்க இடம் கிடைக்காது. ஆகவே விடியற்காலை விரிகுடா, காற்று எழுந்த பிறகு வளைந்து போகும் பக்கப் பள்ளத்தாக்கின் அகன்ற பகுதி என்று திட்டமிடுங்கள். கோடையில் சூரியன் ஏறி இரண்டு மூன்று மணி நேரம் வரை தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். அந்த நேரத்தைத் தூங்கிக் கழிப்பது பெரிய நஷ்டம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவ இடிமழைக் காலம். வானம் ஒரு பக்கம் கறுத்தால் கயிற்றைச் சுருட்டிவிடுங்கள். மழை பெய்யும் இடம் பல மைல் தள்ளி இருந்தாலும் வெள்ளம் பக்கப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும். அதற்கு அடுத்த நாட்களில் மரக்கட்டைகள் மிதக்கும். பாதி மூழ்கிய கட்டையைத் தூரத்திலிருந்து பார்க்கவே முடியாது.

அலையின் வடிவம் சரியில்லை

இடம் சரி, ஆழம் சரி என்று உறுதியான பிறகுதான் எடையும் வேகமும்.

மேல்விளிம்பு உடைந்து நுரைத்தால், முதலில் வேகத்தைக் கால் மைல் அளவில் ஏற்றிப் பாருங்கள். 10.5 முதல் 11.5 மைலுக்குள் பெரும்பாலான படகுகளுக்கு ஓர் இனிய புள்ளி உண்டு. இன்னும் நுரைக்கிறதா? படகின் பின்பக்கம் தண்ணீரைத் திருப்பிவிடும் சர்ஃப் தகடு எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான அமைப்புகளில் சர்ஃப் செய்யும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத் தகடுதான் விரிய வேண்டும். அந்தப் பக்கத் தண்ணீர் வந்து சேர்வதைத் தாமதப்படுத்தினால்தான் இந்தப் பக்க அலை சுத்தமாகும். தகடு இல்லாத பழைய படகு என்றால் சர்ஃப் பக்கத்தில் எடையைக் கூட்டிப் படகைச் சாய்ப்பது ஒன்றே வழி.

அலை உயரமாக, ஆனால் நீளம் குறைந்து இருந்து ஆளைத் துப்பிவிடுகிறதா? பின்பக்கம் எடை அதிகம். ஒருவரை முன் இருக்கைக்கு அனுப்புங்கள். எண்பது கிலோ மனிதர் எட்டடி நகர்ந்தால் அலை நீள்வது உடனே தெரியும். அலை நீளமாக, ஆனால் தள்ளும் சக்தி இல்லாமல் இருந்தால் அதே ஆளைப் பின்னால் வரச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எடை, வேகம், டிரிம் (படகின் முன்பின் சாய்வு) மூன்றையும் ஒன்றாகத் திருகினால் எது பலித்தது என்றே தெரியாது.

இடது கால் முன்வைப்பவர் படகின் இடப்பக்க அலையிலும், வலது கால் முன்வைப்பவர் வலப்பக்க அலையிலும் சர்ஃப் செய்தால் அலையைப் பார்த்தபடி நிற்பார்கள். ப்ரொப்பெல்லர் ஒரே திசையில் சுழல்வதால் இரண்டு பக்கமும் ஒரே அமைப்பில் ஒரே அலை வராது. பக்கத்துக்கு ஒரு கணக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படகு வேகம் பிடிக்கவில்லை, எஞ்சின் அலறுகிறது

வீட்டுப் பக்க ஏரியில் முழு பாலஸ்டோடு (படகை அமுக்க டேங்கிலும் பையிலும் ஏற்றும் தண்ணீர் எடை) சுலபமாக 11 மைல் தொட்ட படகு இங்கே திணறினால், எஞ்சின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 12 சதவீதம் குறைவு. நாற்பது டிகிரி வெப்பத்தில் காற்று மேலும் விரிந்து அடர்த்தி இழக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எஞ்சினுக்குள் போகும் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் அந்த அளவில் குறையும்.

இங்கே அடிக்கடி வருகிறவர் என்றால் பிட்ச் குறைந்த ப்ரொப்பெல்லர் ஒன்றை மாற்றிப் போடுங்கள். அது ஒரு சுற்றில் குறைந்த தூரமே தள்ளும், எஞ்சின் தன் பலம் இருக்கும் சுழற்சிக்கு ஏறும். ஒருமுறை மட்டும் வருகிறவர் பாலஸ்டைக் குறைத்தாலே போதும். நாலாயிரம் பவுண்டு ஏற்றித் திணறும் படகைவிட மூவாயிரத்தில் இலகுவாக ஓடும் படகு தரும் அலை எவ்வளவோ நல்லது. எரிபொருளும் அப்படித்தான். சர்ஃப் வேகத்தில் மணிக்கு 20 முதல் 30 லிட்டர் போகும். வாவீப்புக்கும் புல்ஃபிராக்குக்கும் நடுவே தண்ணீர் வழியில் நூறு மைலுக்குச் சற்றே குறைவு. இடையில் எரிபொருள் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

வெயிலில் நிறுத்திய எஞ்சின் மறுபடி கிளம்பவில்லை என்றால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கலாம். எஞ்சின் மூடியைத் திறந்து, எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் புளோயரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பெட்ரோல் வாசம் இல்லை என்று உறுதி செய்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

பம்ப் ஓடுகிறது, டேங்க் நிரம்பவில்லை

மணிக்கு 800 கேலன் இறைக்கும் பம்ப், 1,500 பவுண்டு பாலஸ்ட் பையை நிரப்ப ஏறக்குறைய கால் மணி நேரம் எடுக்கும். அதற்குள் பதறாதீர்கள். அதற்கு மேலும் ஆகிறது என்றால் பெரும்பாலும் குழாயில் காற்று அடைத்திருக்கும். நியூட்ரலிலிருந்து ஒரு நொடி ரிவர்ஸ் போட்டு எடுங்கள், தள்ளப்படும் தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஏறிக் காற்றை வெளியேற்றும். அதற்கு முன் பின்னால் தண்ணீரில் யாரும் இல்லை என்று இரண்டு முறை பாருங்கள்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் வடிகட்டியைக் கழற்றுங்கள். மணற்கரைக்கு அருகே ஆழமில்லாத இடத்தில் டேங்க் நிரப்புகிறவர்களுக்கு அதில் மணல் இருக்கும். மூன்றாவதாக, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர். பாலைவனத்தில் மாதக்கணக்கில் டிரெய்லரில் காய்ந்த படகில் அதன் இதழ்கள் விறைத்து ஒடிந்திருக்கும். உதிரி ஒன்று எப்போதும் படகில் இருக்கட்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் பம்புக்கும் இதே கதைதான். வெப்ப எச்சரிக்கை ஒலித்தால் உடனே நிறுத்தி, இந்த இரண்டையும்தான் முதலில் பாருங்கள்.

எழுந்து நிற்க முடியவில்லை, நின்றாலும் பின்தங்குகிறார்

இப்போதுதான் ஆளிடம் வருகிறோம்.

கயிறு கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனால், ஆள் கயிற்றைத் தன் பக்கம் இழுக்கிறார், அல்லது ஓட்டுபவர் அவசரப்படுகிறார். கை நீட்டியபடி இருக்கட்டும், முழங்கால் மார்பை ஒட்டி மடங்கியிருக்கட்டும், குதிகால்கள் போர்டின்மேல். படகு மெல்ல நகர்ந்து கயிறு இறுகியதும் குதிகாலை அழுத்தினால் போர்டு தானே பாதத்தோடு வந்து ஒட்டும். எழுந்திருப்பது படகின் வேலை, ஆளின் வேலை இல்லை. குழந்தைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் இதைப் பிடித்துக்கொள்வது, அவர்கள் படகோடு மல்லுக்கட்டுவதில்லை என்பதால்தான்.

கயிறு தளர்ந்த இடம்தான் அலை தள்ளும் இடம். அங்கே கொஞ்ச நேரம் இருந்து பழகிய பிறகே கைப்பிடியை விட வேண்டும். விட்டதும் பின்தங்கினால் எடையை முன்காலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலோர் பயத்தில் பின்காலில் சாய்ந்து பிரேக் போட்டுக்கொண்டே இருப்பார்கள். முன்கால் அழுத்தியும் பின்தங்கினால் போர்டு சிறியது. படகை நோக்கி வேகமாக ஏறினால் பின்காலை அழுத்த வேண்டும். அதுவும் முடியாவிட்டால் படகுக்கு எதிர்ப்பக்கம், வெளியே விழ வேண்டும். கயிற்றை ஒருபோதும் கையிலோ கழுத்திலோ சுற்றக் கூடாது.

ஓட்டுபவரைத் தவிர ஒருவர் எப்போதும் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு யூட்டா பக்கத்தில் குறைந்தது 8 வயது, அரிசோனா பக்கத்தில் 12 வயது. ஆள் விழுந்ததும் ஆரஞ்சுக் கொடி உயர வேண்டும். சூரியன் மறைந்த பிறகு இழுக்கக் கூடாது.

படகின் முன்பக்கம் தண்ணீரை அள்ளுகிறது

ஆள் விழுந்ததும் பதறித் திரும்பினால் உங்கள் அலையே உங்கள்மேல் ஏறும். பாலஸ்ட் நிறைந்த படகின் முன்விளிம்பு தண்ணீருக்கு மிக அருகில் இருக்கிறது. முன்னால் நாலு பேர் வேறு உட்கார்ந்திருந்தால் சுற்றுலாப் படகின் ஒரு பெரிய அலையே போதும். ஆக்ஸிலரேட்டரை மெல்லக் குறைத்து, அலை கடந்து போகவிட்டு, பிறகு மெதுவாக வளைந்து விழுந்தவரிடம் வாருங்கள். எதிரே பெரிய அலை வந்தால் முன்னால் இருப்பவர்களைப் பின்னுக்கு வரச் சொல்லி, அதைச் சற்றுக் கோணமாகச் சந்தியுங்கள். கரையில் கட்டியிருக்கும் ஹவுஸ்போட்டுகளிடமிருந்து வெகுதூரம் தள்ளி ஓட்டுங்கள். உங்கள் அலை அவற்றின் நங்கூரக் கயிற்றை மணலோடு பிடுங்கும், உள்ளே சமைத்துக்கொண்டிருப்பவர்மேல் கொதிநீரைக் கவிழ்க்கும்.

புதிதாக ஓர் அதிர்வு

எதிலாவது உரசியிருக்கிறீர்கள். நிறுத்தி, முதலில் அடித்தளத்தில் தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். ப்ரொப்பெல்லர் விளிம்பு வளைந்திருந்தால் நடைவேகத்தில் மரினாவுக்குத் திரும்புங்கள். ப்ரொப்பெல்லர் தண்டு வளைந்த படகை வேகமாக ஓட்டினால் அதன் அடைப்பு கிழிந்து தண்ணீர் உள்ளே வரும்.

கரையேறிய பிறகும் டேங்கில் தண்ணீர் ஆடும் சத்தம்

பாலஸ்ட் டேங்க் ஒருபோதும் பம்பால் முழுதாக வடியாது. அடியில் சில லிட்டர் தங்கும். பவல் ஏரியில் குவாகா மட்டி பரவியிருக்கிறது, அதன் கண்ணுக்குத் தெரியாத இளம் உயிரிகள் அந்தச் சில லிட்டரில் பயணம் செய்து அடுத்த ஏரியின் குழாய்களை அடைக்கும். படகை இறக்கி ஏற்றும் கரைச் சரிவில் படகை ஏற்றியதும் எல்லா வடிகால் அடைப்பான்களையும் கழற்றுங்கள், சாலையில் போகும்போதும் கழற்றியபடியே இருக்க வேண்டும் என்பது சட்டம். பைகளை எடுத்து உருட்டிப் பிழியுங்கள். பம்பை மறுபடி சில நொடிகள் ஓட்டுங்கள். வேறு ஏரியில் இறங்குவதற்கு முன் டேங்குக்குள் வெந்நீர் பாய்ச்சும் சுத்திகரிப்பையோ, பாலஸ்ட் படகுக்கு விதித்திருக்கும் முழு உலர்நாட்களையோ முடித்துவிடுங்கள். உலர்நாட்கள் பருவத்தைப் பொறுத்தும் படகைப் பொறுத்தும் மாறும், சரிவில் நிற்கும் ஆய்வாளரிடமே கேட்டுக்கொள்ளலாம்.